வெள்ளாற்றங்கரைச் சந்தைகள்

சந்தை நாளன்று அறந்தாங்கிக்கு இரு திசைகளிலிருந்து மக்கள் வருகின்றனர். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி முதலிய கடலோர ஊர்களிலிருந்து மீனும் கருவாடும் வருகின்றன. கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து பலாவும் தேங்காயும் காய்கறியும் வருகின்றன. இவர்கள் ஒரே ஊரார் அல்லர், உறவினர் அல்லர், பல வேளைகளில் ஒரே சமயத்தாரும் அல்லர். முன்பின் அறியாத ஒருவரை நம்பிப் பொருளைக் கொடுக்க மனிதர் எவ்வாறு துணிந்தனர்? நம் வட்டாரத்து வணிக ஊர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த வினாவே என் முன் வந்து நிற்கிறது.

1898இல் ஆலங்குடியை அடுத்த கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் ஐநூறுக்கும் மேற்பட்ட உரோமைப் பொற்காசுகள் இருந்தன. அவை வெஸ்பாசியன் (கி.பி. 69–79) காலம் வரையிலான பேரரசர்கள் வெளியிட்டவை. திபேரியுவின் காசுகளும் அவற்றுள் உண்டு. வரி கொடுப்பது முறையா என்று கேட்டோரிடம் ஆண்டவர் காட்டச் சொன்ன தெனாரியத்தில் பொறித்திருந்ததும் இதே திபேரியுவின் உருவமாக இருக்கலாம் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. வியப்பு யாதெனில், கருக்காக்குறிச்சிக் காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள்! காசாக மீண்டும் புழங்காமல் வெறும் பொன்னாகவே மதிக்கப்படுவதற்காக இவ்வாறு செய்தனர் போலும். சீசரின் முகம் இங்கே யாருக்கும் உறுதி அளிக்கவில்லை. எடையே உறுதி அளித்தது.

பிற்காலத்தில் அந்த உறுதியை வணிகர் குழுக்கள் அளித்தன. நம் மாவட்டத்துக் கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்னும் குழு இயங்கியது. அதே பெயர் கொண்ட குழுவைத் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் காண்கிறோம். அங்கு வெட்டிய குளம் ஒன்று அதன் காவலில் விடப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழுவோ 1088இல் சுமத்திராவின் பாருசில் தமிழில் கல்வெட்டுப் பொறித்தது. பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டில் வணிகர் கூடி, ஒவ்வொரு பொதிக்கும் கோயிலுக்கு இவ்வளவு என்று தாமே வரி விதித்துக்கொண்டனர். உப்பு, நெல், பயறு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு எனப் பட்டியல் நீண்டு, யானை, குதிரை வரை செல்கிறது. அரசனின் ஆணையன்று அது. வணிகர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அதைக் கடவுள் முன்னிலையில் கல்லில் வெட்டினால் மீறுவது கடினம் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

குதிரை என்றதும் ஆவுடையார்கோயில் நினைவுக்கு வராமல் இராது. அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே, வெள்ளாற்றுக்குத் தெற்கே உள்ள அவ்வூரின் பழம்பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சரான மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கருவூலப் பணத்தோடு இங்கு வந்தார் என்றும், குருவைக் கண்டு அப்பணத்தைத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்றும் சைவ மரபு கூறுகிறது. அற்புதத்தை அதற்குரியோரிடம் விட்டுவிடுவோம். ஆனால் இக்கரையில் குதிரை வந்திறங்கும் என்பது கதை கேட்டோர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. பாண்டிய நாட்டார் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கியதையும், வளர்க்கத் தெரியாமல் அவற்றை இழந்ததையும் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பணத்தை எதிர்பார்த்துத் துறையில் காத்திருந்த குதிரை வணிகன் என்ன ஆனான் என்று மட்டும் யாரும் கூறவில்லை. எனக்கு அவன்மீது சிறிது இரக்கம் உண்டு.

இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன், ஒரு சந்தையிலிருந்து ஆறேமுக்கால் மைலுக்குச் சற்றுக் குறைந்த தொலைவுக்குள் மற்றொன்று கூடாது என்றார். நாளில் ஒரு பங்கு நடந்து வர, ஒரு பங்கு விற்க வாங்க, ஒரு பங்கு இருட்டுமுன் வீடு திரும்ப என்பது அவர் கணக்கு. அங்கு தொலைவால் காத்ததை இங்கு கிழமையால் காத்தனர். ஓர் ஊரின் சந்தை நாளில் அடுத்த ஊர் சந்தை கூட்டுவதில்லை.

கொடும்பாளூர் இன்று சிற்றூர். மூவர் கோயிலில் எஞ்சிய இரண்டைக் காணச் செல்வோரே அங்கு மிகுதி. அறந்தாங்கியில் தொண்டைமான்களின் கோட்டை சிதைந்துவிட்டது. ஆயினும், தஞ்சாவூர் மாவட்டக் கழகம் மக்களிடம் வரி திரட்டி அமைத்த இருப்புப்பாதை 1903இல் இவ்வூரை எட்டியது. சந்தை பிழைத்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

எங்கள் பங்கில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். விடியுமுன் கடற்கரைக்குச் சென்று, கையில் காசின்றி மீன் எடுத்து, விற்ற பின் மாலையில் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறார். எழுதி வைத்துக்கொள்வார்களா என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்குச் சாமி எழுதணும்? நாளைக்கும் நான்தானே போய் நிக்கணும்" என்றார்.