உழவர் நிலமும் எண்ணெய்க் குழாயும்

நிலத்தை விற்றவருக்கு விலை கிடைக்கிறது. விற்காமலே அதன் பயனில் ஒரு பகுதியை இழப்பவருக்கு என்ன கிடைக்கும்? அஸ்ஸாமின் எண்ணெய் வயல்களிலிருந்து பீகாரிலுள்ள பரௌனிக்குக் குழாய் பதிக்கப்பட்டு வந்த காலத்தில், நம் நாட்டில் இவ்வினா எழுந்தது. புதைத்த குழாயின்மேல் மீண்டும் உழுது பயிரிடலாமாதலால், நிலம் முழுவதையும் அரசு வாங்க வேண்டுவதில்லை எனக் கருதிய பாராளுமன்றம் 1962-இல் தனிச் சட்டம் இயற்றியது.

அதன்படி நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். குழாய் பதித்துப் பயன்படுத்தும் உரிமை மட்டும் கைமாறும். பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த சேதத்துக்கு ஈடு உண்டு. அதற்குமேல் நிலத்தின் சந்தை மதிப்பில் 100-க்கு 10 பங்கு என்று சட்டம் வகுத்தது. ஆனால், அக்கீற்று நிலத்தில் வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது.

நெல் வயலுக்கு இது பொருந்தலாம், தென்னந்தோப்புக்குப் பொருந்துமா? கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுசெல்லும் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களைக் கடக்கவிருந்தபோது, அங்குள்ள உழவர் இதையே கேட்டனர். குழாயை நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுசெல்லுமாறு 2013-இல் தமிழக அரசு பணித்தது. அவ்வாணையை உயர்நீதிமன்றம் நீக்கியது. 2016-இல் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை ஏற்றது.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் பங்கு நிலம் உண்டு. குழாய்க்கான அறிவிப்பு வெளியான 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஈட்டுத்தொகை போதாதெனின் மாவட்ட நீதிபதியை நாடலாம். ஊர்ச் செய்தி நம்மை வந்தடையுமுன் அந்நாள்கள் கழிந்துவிடலாகாது. நாட்டின் அடுப்பு எரியவேண்டும். அதன் செலவை ஓர் உழவரே தனியாகச் சுமப்பது முறையன்று.