மண் இல்லாத வீட்டில் பூனைக்கு மண்



சென்ற ஐப்பசி மழையில் பி பிளாக் தரைத்தள வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் மேலேறியது உங்களுக்கு நினைவிருக்கும். பிளம்பர் குழாயைக் கழற்றியபோது உள்ளேயிருந்து சாம்பல் நிறக் களி, பிசைந்து வைத்த மாவு மாதிரி வந்தது. அது எங்கள் மூன்றாம் மாடிப் பூனையின் மண். இரண்டு மாதமாக அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். செலவைக் கொடுத்துவிட்டேன், அந்த வீட்டு அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் அடுத்த கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் போயிற்று. "பூனையே வேண்டாம் சார், கோணியில் போட்டுக் கோமுகி அணைப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்" என்றார்கள். தப்பு பூனையுடையது அல்ல. என்ன மண் என்று தெரியாமல் வாங்கிய என்னுடையது. அதனால்தான் இந்த மண்ணின் கதையைத் தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நம்மில் பலர் கொல்லைப்புறம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள். பூனை எங்கே போகிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. தானே குழி பறிக்கும், தானே மூடும். கடன் வசூலுக்காக வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போன நாட்களில் கல்வராயன் மலை வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாமை மூட்டை உள்ள வீட்டில் எலி, எலி உள்ள வீட்டில் பூனை.

பூனை மனிதனை அண்டியதே இந்தத் தானியக் கணக்கில்தான். சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதக் கல்லறையின் அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்றைய வீட்டுப் பூனைகளின் மூதாதை மேற்கு ஆசியாவின் காட்டுப்பூனை என்று 2007-ல் மரபணு ஆய்வு சொன்னது. வறண்ட நிலத்து விலங்கு. மெல்லிய, கால் புதையும் மண்ணைப் பூனை தேடுவது அங்கிருந்து வந்த பழக்கம் என்பார்கள். ஓடு போட்ட தரையில் பிறந்த எங்கள் பூனைக்கும் அதே புத்திதான்.

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தொடங்கிய ஊர்களில் முதலில் மணலும் அடுப்புச் சாம்பலும்தான் போட்டார்கள். மாற்றம் 1947 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்ற சிற்றூரில் வந்தது. குளிரில் மணல் உறைந்துபோக, கே டிரேப்பர் என்ற பெண்மணி பக்கத்தில் வியாபாரம் செய்துவந்த எட்வர்ட் லோவிடம் மணல் கேட்டு வந்தார். லோவின் குடும்பத் தொழில், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருட்களை விற்பது. அவர் மணலுக்குப் பதில் சூட்டில் உலர்த்திய களிமண் குருணையைக் கொடுத்தார். நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனம் அது. சாம்பலைப் போல வீடெங்கும் கறுப்புக் கால்தடம் இல்லை, நாற்றமும் குறைவு. அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டு வந்தார்.

லோ அதை ஐந்து பவுண்டு பைகளில் கட்டி, 'கிட்டி லிட்டர்' என்று கையால் எழுதி, பை 65 சென்ட் என்று கடைக்குக் கொண்டுபோனார். மணல் சல்லிக்காசுக்குக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். அப்படியானால் சும்மா கொடுங்கள் என்றார் லோ. சும்மா வாங்கியவர்கள் காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள். (லிட்டர் என்றதும் என் வீட்டம்மா பால் கணக்கு என்று நினைத்தாள். கால்நடைக்குக் கீழே பரப்பும் வைக்கோலுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.)

இனி என் குழாய்க்கு வருகிறேன். லோவின் மண் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் கட்டியாகாது. சில நாளுக்கு ஒருமுறை தட்டு முழுவதையும் கொட்டி மாற்ற வேண்டும். 1984-ல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பென்டோனைட் என்ற களிமண்ணில் ஈரம் பட்ட இடம் மட்டும் உருண்டையாகத் திரள்வதைப் பயன்படுத்தினார். அந்த உருண்டையை மட்டும் அள்ளினால் போதும், மிச்ச மண் அப்படியே இருக்கும். இன்று கடையில் அதிகம் தென்படுவது இந்த வகைதான். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மேர் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும்போதும், பெரிய கட்டிடங்களுக்குப் பைல் போடும்போதும் குழியின் பக்கச் சுவர் சரியாமல் தாங்க இதே மண்ணைத்தான் கரைத்து ஊற்றுகிறார்கள். தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பும், உப்பி அடைக்கும். அதைத்தான் நான் நம் குழாயில் போட்டிருக்கிறேன். பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. வவுச்சரைத் திருப்பிப் பார்க்காமல் பாஸ் பண்ணாத கிளார்க், இதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சிலிக்கா ஜெல் மணியும் விற்கிறார்கள். மாத்திரை டப்பாவில் சின்னப் பொட்டலமாக வருமே, அதுதான். 1919-ல் வால்டர் பேட்ரிக் என்ற வேதியியலாளர் காப்புரிமை பெற்ற பொருள். பூனைக்கு வந்தது வெகு பின்னால். நாற்றத்தை நன்றாகப் பிடிக்கும், விலை கூடுதல். எங்கள் பூனை ஒரு கால் வைத்துப் பார்த்துவிட்டு மிதியடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

மரத்தூள் குச்சி, மக்காச்சோளக் குருணை, சோயா சக்கை என்று தாவர வகைகளும் உண்டு. எடை குறைவு, மட்கிப்போகும். மழைக்காலத்தில் வாய் கட்டாமல் வைத்தால் பூச்சி வரும். சின்னசேலம் பக்கம் வயல் வயலாக மக்காச்சோளம் இருக்க, நாம் எங்கிருந்தோ வரவழைக்கிறோம் என்பது என் ஆதங்கம். காசில்லாமல் முடிப்போம் என்று ரைஸ் மில் சாம்பலும் கொண்டுவந்து பார்த்தேன். வீடு முழுக்கத் தூசி, எனக்கு இருமல். சாம்பல் நனைந்தால் காரம், பூனையின் பாதத்துக்கும் ஆகாது.

என்னைக் கேட்டால், வாசனை சேர்க்காத, பொடி மணல் போன்ற, கட்டியாகும் களிமண்ணே நல்லது. நமக்கு மல்லிகை மணம் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது. நாலு விரல் ஆழம் போடுங்கள். சிறு குட்டி வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால் அதற்குக் கட்டியாகாத வகை. மண்ணை மாற்றினால் பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள்.

கூட்டத்தில் கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்டவர் கேட்டது நியாயமே. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலம் வழியாகவும் பரவுகிறது என்பது 1970 வாக்கில் உறுதியானது. ஆனால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே தினமும் அள்ளிவிட வேண்டும், கர்ப்பிணி அள்ளக் கூடாது. வேகாத கறி, கழுவாத காய் வழியாகவும் இது வரும். என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். காலை ஆறு மணிக்குக் கையுறை போட்டு அள்ளுவது என் வேலை.

களிமண் மட்காது. ஆகவே நம் உரக்குழிக்குப் போகும் பச்சைத் தொட்டியில் போடாதீர்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, தனியாகக் கட்டி, இன்னது என்று துப்புரவு அம்மாவிடம் சொல்லிக் கொடுங்கள். பூனை உள்ள வீடுகளுக்கென்று பின்படிக்கட்டின் கீழ் மூடியுள்ள தொட்டி ஒன்று வைக்க அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். தொட்டிக்கான பணம் நான் தருகிறேன்.