பதினாறாம் எண் சட்டை

வரதராஜன்பேட்டையிலோ பக்கத்து ஆண்டிமடத்திலோ ஒரு டீம் சேர்ந்து புதிதாக ஜெர்சி அடிக்க முடிவு செய்தால், துணியின் நிறத்தைவிட முதுகு எண்ணைப் பற்றித்தான் பேச்சு அதிகம். 7 யாருக்கு, 10 யாருக்கு, 18 யாருக்கு என்று வாட்ஸ்அப்பிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். முன்பு வெற்றுப் பனியன் வாங்கி ரப்பர் பிரிண்ட் போடுவார்கள். நாலைந்து துவைப்பில் எண் வெடித்து உரிய ஆரம்பிக்கும். இப்போது திருப்பூரிலிருந்து சப்ளிமேஷனில் அடித்து வருகிறது. காகிதத்தில் அச்சான மை சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் நூலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால், துணி நைந்தாலும் எண் போகாது. இந்தச் சண்டையில் 16-ஐக் கேட்டு யாரும் கை தூக்குவதில்லை. எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் கிடக்கிற எண் அது. ஆனால் இந்திய ஹாக்கியின் சீனியர் அணியில் இனி யாரும் போட முடியாத எண்ணும் அதுதான்.

ஆட்டக்காரரின் முதுகில் எண் ஏறியது மரியாதைக்காக அல்ல. தூரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1929-இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு எண் கொடுத்தபோது மட்டை பிடிக்கும் வரிசையையே எண்ணாக வைத்தது. மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக வந்த லூ கெரிக்குக்கு 4. கெரிக் தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள் ஆடியவர். 1939-இல் நரம்பைத் தின்னும் நோய் அவரைச் சாய்த்தது. அந்த ஜூலை 4 அன்று யாங்கீ மைதானத்தில் அவருக்கு விடை கொடுத்தார்கள். 4-ஆம் எண்ணை அதற்குப் பிறகு வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. பேஸ்பாலில் ஒரு எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வழக்கம் எட்டிய உயரம் ஜாக்கி ராபின்சனின் 42. கறுப்பர்களைப் பெரிய லீக்கில் சேர்க்காமல் வைத்திருந்த நாட்டில், 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கினார். சரியாக 50 ஆண்டு கழித்து, 1997-இல், அத்தனை அணிகளிலும் 42-க்கு ஓய்வு என்று லீக் அறிவித்தது. அப்போது அதே எண்ணைப் போட்டிருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்று விட்டார்கள். அவர்களில் கடைசி ஆளான மரியானோ ரிவேரா 2013-இல் ஆட்டத்தை விட்டார். இன்று ஆண்டு முழுக்க யாரும் தொடாத அந்த எண்ணை ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா அணியிலும் எல்லா ஆட்டக்காரரும் போட்டுக்கொள்கிறார்கள். எண்ணைப் பூட்டி வைத்ததைவிட, ஒரு நாள் அதை எல்லோர் முதுகிலும் ஏற்றியதுதான் எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

நம் நாட்டில் இந்த வழக்கம் அவ்வளவு அழகாக வந்து சேரவில்லை. 2017 ஆகஸ்ட் 31, கொழும்பு. இலங்கையுடன் ஒருநாள் ஆட்டம். முதன்முதலாக இந்தியாவுக்கு ஆட வந்த ஷர்துல் தாக்கூரின் முதுகில் 10. டெண்டுல்கரின் எண்ணை நேற்று வந்தவன் போடுவதா என்று சமூக ஊடகங்களில் அந்த இளைஞரைத் தாளித்து எடுத்துவிட்டார்கள். தன் பிறந்த தேதியின் எண் கணக்குப்படி எடுத்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. பிறகு 54-க்கு மாறிக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில், இனி 10-ஐ யாருக்கும் தருவதில்லை என்ற கிரிக்கெட் வாரியத்தின் முடிவு வெளியே தெரியவந்தது. கால் நூற்றாண்டு நாட்டைத் தோளில் சுமந்த ஒருவருக்கு உரிய கௌரவம், இன்னொரு பையனைத் திட்டித் தீர்த்த கூச்சலின் முடிவாக வந்திருக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் தோனியின் 7-க்கும் அதே ஓய்வு என்று செய்தி வந்தது. மஞ்சள் சட்டையில் அந்த 7 சேப்பாக்கத்தில் அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் 64-ஐ இந்தக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. 2014 நவம்பரில் பந்து பட்டு இறந்த ஃபிலிப் ஹியூஸின் எண் அது. அது துக்கத்தில் எடுத்த முடிவு.

இனி 16. கொச்சிக்குப் பக்கத்தில் கிழக்கம்பலம் என்கிற ஊரில் விவசாயக் குடும்பம். பையன் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது அவனுக்கு ஹாக்கி தெரியாது. ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று சுற்றிக்கொண்டிருந்தான். கோல்கீப்பராகச் சொன்னார்கள். ஹாக்கியிலேயே அதிகச் செலவு வைக்கிற இடம் அது. காலுக்குப் பேட், பாதத்துக்குக் கிக்கர், மார்புக் கவசம், தலைக்கவசம், இரண்டு கைக்கும் இரண்டு விதமான கையுறை. மகனுக்குப் பேட் வாங்க அப்பா வீட்டிலிருந்த பசு மாட்டை விற்றார். மாடு வைத்துப் பால் ஊற்றிக் காலம் தள்ளுகிற எந்த வீட்டுக்கும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டாம். அந்தக் காசில் வந்த பேட்டைக் கட்டிக்கொண்டு நின்றவர்தான் பி.ஆர். ஸ்ரீஜேஷ்.

2006-இல் சீனியர் அணிக்கு வந்தார். கோல்கீப்பரின் சட்டை மற்றவர்களுடையதைப் போல இருக்காது. நிறம் வேறு, மார்புக் கவசத்துக்கு மேலே மாட்டுவதால் அளவும் பெரிசு. அந்தப் பெரிய சட்டையின் முதுகில் விறைத்து நின்ற 16-ஐ நாடு மெல்ல மெல்லத்தான் கவனித்தது. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுடன் ஷூட்-அவுட். தடுத்தவர் அவர், தங்கம் இந்தியாவுக்கு. 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. ஜெர்மனியுடன் 5–4 என்று முன்னிலை. ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அதையும் தடுத்தார். 1980-இல் நம் வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு 41 ஆண்டு கழித்து வந்த ஒலிம்பிக் பதக்கம். ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பாரிஸ் 2024, காலிறுதி. அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட, பிரிட்டனுக்கு எதிராக 40 நிமிடத்துக்கும் மேல் 10 பேரை வைத்தே ஆட வேண்டியிருந்தது. 1–1 என்று இழுத்துக்கொண்டு போய் ஷூட்-அவுட்டில் 4–2 என்று ஜெயித்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2–1 என்று வென்று மறுபடியும் வெண்கலம். ஸ்ரீஜேஷின் கடைசி ஆட்டம் அது. சர்வதேசக் கணக்கில் 336 ஆட்டம்.

அந்த 336-இல் ஒன்றில் நம் அரியலூர் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதி. ஸ்ரீஜேஷுக்கு 300-வது ஆட்டம். ஜப்பானை 5–0 என்று வீழ்த்திய அந்த ஆட்டத்தின் ஐந்தாவது கோலை அடித்தவர் அரியலூர்க்காரரான செல்வம் கார்த்தி. பின்னால் ஒரு கோலையும் விடாமல் 16 நின்றது. முன்னால் நம் ஊர்ப் பையன் நின்றான். எங்கள் பக்கத்தில் ஹாக்கி மட்டை பிடிக்கிற பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல செய்தி என்னிடம் கிடையாது.

பாரிஸிலிருந்து திரும்பியதும், 2024 ஆகஸ்ட் 14 அன்று, டெல்லியில் நடந்த பாராட்டு விழாவில் ஹாக்கி இந்தியா அமைப்பு 16-க்கு ஓய்வை அறிவித்தது. அறிவிப்பில் ஒரு வாசல் திறந்திருந்தது. சீனியர் அணியில் மட்டும்தான் இந்த எண் கிடையாது. ஜூனியர் அணியில் உண்டு. அந்த ஜூனியர் அணிக்கு ஸ்ரீஜேஷே பயிற்சியாளராக வருகிறார், இன்னொரு ஸ்ரீஜேஷை அவரே உருவாக்கட்டும் என்றார்கள்.

கிரிக்கெட்டில் 10-ஐயும் 7-ஐயும் ஒட்டுமொத்தமாக எடுத்து மேலே வைத்துவிட்டார்கள். ஹாக்கியிலோ பெரியவர்களுக்குக் கிடைக்காத எண் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. மூத்தவர் நிலத்தைப் பேரன் பெயருக்கு எழுதி வைப்பது மாதிரியான ஏற்பாடு. புகழை இப்படிப் பாதுகாப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். பெரியவரின் எண்ணைப் போட்டதற்காகத் திட்டு வாங்குகிற பையன் ஒரு பக்கம். அந்தப் பெரியவர் கையாலேயே பயிற்சி வாங்கிக்கொண்டு அதைப் போடுகிற பையன் இன்னொரு பக்கம். இரண்டாமவன்தான் பயமில்லாமல் ஆடுவான்.

2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. காலிறுதியில் பெல்ஜியத்துடன் ஆட்டம் ஷூட்-அவுட்டுக்குப் போனபோது தடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவன் பிரின்ஸ்தீப் சிங். ஸ்ரீஜேஷ் கோட்டுக்கு வெளியே நின்றார். பையன் தடுத்தான்; இந்தியா அரையிறுதிக்குப் போனது. அங்கே ஜெர்மனியிடம் தோற்றாலும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0–2 என்று பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் போட்டு 4–2 என்று வெண்கலத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஜூனியர் அணியில் 16 போட்டு ஆடுகிறவன் என்றைக்கு சீனியர் அணிக்குத் தேர்வாகிறானோ, அன்றைக்கு அந்தச் சட்டையைக் கழற்றித் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டு வேறு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும்.