பிள்ளைக்கு முதல் வீடியோ கேம்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "எல்லாரும் விளையாடுறாங்க, எனக்கும் ஒரு கேம் போட்டுத் தாங்க" என்று பிள்ளை கேட்கிறது. அதுவரை கையில் போன் கொடுக்காமல் வளர்த்த பெற்றோர் திகைக்கிறார்கள். மறுத்தால் பக்கத்து வீட்டுப் பையனின் போனில் விளையாடுவான். சம்மதித்தால் எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில், ஆப் கடையில் முதலில் கண்ணில் படுகிற இலவச விளையாட்டு போனில் இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் சற்று நிதானம் வேண்டும். எப்போது நிறுத்தலாம், எதற்குப் பணம் கொடுக்கலாம், யாரோடு சேர்ந்து விளையாடலாம் என்ற பழக்கங்களைப் பிள்ளை தன் முதல் விளையாட்டிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. இதுவரை விளையாடியே இராத ஒருவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மார்க்கத்தின் பார்வை

விளையாட்டை இஸ்லாம் வெறுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், தோழிகள் அவர்களோடு வந்து விளையாட நபி (ஸல்) அவர்கள் இடம் கொடுத்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகப் போதும் என்று சலிக்கும் வரை நபியவர்கள் உடன் நின்று காட்டினார்கள்.

அதே நேரத்தில் எல்லைகளும் உண்டு. சூதாட்டத்தைத் தடை செய்யும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதற்கான காரணத்தையும் சேர்த்தே சொல்கின்றன. அது மனிதர்களிடையே பகைமையை மூட்டும். அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கும். இந்த இரண்டு காரணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய போன் விளையாட்டுகளைப் பார்த்தால் நல்லது கெட்டது ஓரளவு தெளிவாகிவிடும்.

அதான் ஒலித்தால் நிறுத்த முடியுமா?

ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். படம் அழகாக இருக்கிறதா, அறிவை வளர்க்குமா என்பதெல்லாம் பிறகு.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்றவை பலர் ஒரே நேரத்தில் இணையம் வழியாக ஆடுபவை. பிஜிஎம்ஐயின் ஓர் ஆட்டத்தில் 100 பேர் வரை இறங்குவார்கள். முடிய அரை மணி நேரம் ஆகும். இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. மஃரிப் அதான் ஒலிக்கும்போது பையன் போனை வைத்தால் அவனுடைய ஆள் அங்கே சுடப்பட்டு விழுவான், கூட்டாளிகள் மூவர் "எங்கே போனாய்?" என்று திட்டுவார்கள். "ஒரு நிமிஷம்மா" என்று அவன் சொல்வதை நாம் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு கத்துகிறோம். எழுந்து போனால் நண்பர்களிடம் கெட்ட பெயர், உட்கார்ந்தால் உம்மாவிடம் ஏச்சு என்ற நெருக்கடியில் அந்த விளையாட்டின் அமைப்பே அவனை நிறுத்தியிருக்கிறது. அந்த நெருக்கடி வராத விளையாட்டை முதலிலேயே தேர்ந்தெடுப்பது பெற்றோரின் கையில் இருக்கிறது.

இலவசத்தின் விலை

இலவச விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று விளம்பரம். அதில் என்ன படம் வரும் என்பது நம் கையில் இல்லை. இன்னொன்று உள்ளே விற்கப்படும் நாணயம், வைரம், உடை, ஆயுதம். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் தொடர் அறுந்துவிடும், இன்னும் இரண்டு மணி நேரத்தில் சலுகை முடிகிறது என்பவையெல்லாம் பிள்ளையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கச் செய்யப்பட்ட ஏற்பாடுகள்.

இவற்றில் மார்க்க ரீதியாகக் கூடுதல் கவனம் வேண்டியது, லூட் பாக்ஸ் எனப்படும் அதிர்ஷ்டப் பெட்டி. பணம் கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் அரிய பொருளும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கட்டுவதை நம் ஃபிக்ஹ் நூல்கள் ஃகரர், மைசிர் என்ற தலைப்புகளில் பேசியிருக்கின்றன. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் தன் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று 2018இல் பெல்ஜியம் நாடு அறிவித்தது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. ரம்மியால் நொடிந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. ஆனால் அதிர்ஷ்டப் பெட்டி வைத்த விளையாட்டுகள் ஆப் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. அந்தக் கதவை வீட்டில் உள்ளவர்கள்தான் மூட வேண்டும்.

பார்க்க வேண்டிய ஆறு விஷயங்கள்

1. முடிவு உண்டா? கதை முடியும், அல்லது ஓர் ஆட்டம் 15, 20 நிமிடங்களில் தானாக முடியும் என்றிருக்க வேண்டும்.

2. நினைத்தபோது நிறுத்தலாமா? நிறுத்தி, தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடர வழி இருக்க வேண்டும்.

3. ஒரே முறை விலையா? ஆப் கடையில் பெயருக்குக் கீழே "கன்டெயின்ஸ் ஆட்ஸ்", "இன்-ஆப் பர்ச்சேஸஸ்" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். முதல் விளையாட்டில் இவ்விரண்டும் இல்லாமல் இருப்பது நல்லது.

4. இணையம் இல்லாமல் ஓடுமா? ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள். ஓடினால், இணையத்தை அணைத்து ஆடும்போது முன்பின் தெரியாதவர் பிள்ளையோடு பேச வழியில்லை.

5. கை பழகுமா? பல விளையாட்டுகளில் இடது கட்டைவிரல் நடக்கவும் வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்பவும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். சிறுவயதிலிருந்து ஆடியவர்களுக்கு இது தெரியவே தெரியாது. புதியவருக்கோ சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதே வேலையாக இருக்கும். ஒரு விரலால் ஆடக்கூடியதில் தொடங்குவது எளிது.

6. உள்ளடக்கம் என்ன? ஆப் கடையில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயது போட்டிருக்கும். அது வன்முறையையும் ஆபாசத்தையும் ஓரளவு சொல்லும். சிலை வணக்கம், சூனியம் போன்றவற்றை அது கணக்கில் எடுக்காது. ஆகவே பெற்றோர் முதலில் ஆடிப் பார்க்க வேண்டும்.

சில உதாரணங்கள்

மோனுமென்ட் வேலி: 2014இல் லண்டனில் உருவானது. விந்தையான மாளிகைகளைத் திருப்பியும் இழுத்தும் ஒரு சிறுமிக்கு வழி உண்டாக்க வேண்டும். ஒரு விரல் போதும். தோல்வி என்பதே இல்லை. பத்து அத்தியாயங்கள், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மாயக் கற்பனைக் கதை என்பதால், இது வெறும் கற்பனை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மினி மெட்ரோ: 2015இல் நியூசிலாந்துக்காரர்கள் வெளியிட்டது. நிலையங்களைக் கோடு போட்டு இணைத்து ரயில் விட வேண்டும். லண்டன், பாரிஸ், கெய்ரோ போன்ற நகரங்கள் இருக்கின்றன. நிலையத்தில் பயணிகள் நிரம்பி வழிந்தால் ஆட்டம் முடிந்தது. மனித உருவமோ சண்டையோ இல்லை. நிறுத்தி வைத்து யோசித்துக் கோடு போடலாம். அண்ணனும் தங்கையும் ஒரே திரையைப் பார்த்து "இந்த ஸ்டேஷனை அதோடு சேர்" என்று பேசிக்கொண்டே ஆட ஏற்றது.

எ ஷார்ட் ஹைக்: 2019இல் வந்தது, கணினியிலும் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் ஆடலாம். போனுக்கு சிக்னல் தேடி ஒரு சிறு பறவை மலை ஏறுகிறது. அது எதிர்பார்த்திருப்பது தாயின் அழைப்பை என்பது முடிவில் தெரியும். சண்டை இல்லை, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். உரையாடல் ஆங்கிலத்தில் வருவதால் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே பொருந்தும்.

மைன்கிராஃப்ட்: கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், பள்ளிவாசல் என எதையும் கட்டலாம். ஆனால் இதற்கு முடிவு இல்லை. இரண்டு கட்டைவிரல் பழக்கமும் வேண்டும். எனவே இரண்டாவது விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும்போது கிரியேட்டிவ் முறையிலோ பீஸ்ஃபுல் நிலையிலோ வையுங்கள். வெளியார் சேரும் வசதியை அணைத்துவிடுங்கள். உள்ளே ஒரு கடை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இசை பற்றிக் கவலைப்படுவோர், விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் அதை அணைத்துவிடலாம். மேலே சொன்னவற்றில் எதுவும் அதனால் கெடாது.

லூடோவும் சதுரங்கமும்

"லூடோதானே, பாதகமில்லை" என்று நினைக்கும் வீடுகள் அதிகம். 2020 ஊரடங்கில் லூடோ கிங் நுழையாத போன் குறைவு. ஆனால் நர்த் எனும் பகடை விளையாட்டை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பணயம் இல்லாவிட்டாலும் பகடை ஆட்டம் கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. திரையில் உருளும் பகடையும் பகடைதான்.

சதுரங்கம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சூதும் தொழுகை தவறுதலும் இல்லாதபோது ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. ஹனஃபி மத்ஹபில் கண்டிப்பு அதிகம். தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியவை

விளையாட்டை எந்தக் கருவியில் போடுகிறோம் என்பதும் முக்கியம். பிள்ளைக்கென்று தனிப் போன் வேண்டாம். வீட்டுக் கணினியிலோ உம்மாவின் போனிலோ, கூடத்தில் உட்கார்ந்து ஆடட்டும். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். யுபிஐ எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் வழியாக நேரத்துக்கும் வாங்குதலுக்கும் கட்டுப்பாடு போடலாம்.

நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதைவிட வக்தால் அளப்பது நம் வீடுகளுக்குப் பொருந்தும். அஸர் தொழுது, மக்தப் பாடம் ஓதி முடித்து, மஃரிபுக்கு முன் ஒரு ஆட்டம் என்று வைத்தால் தொடக்கமும் முடிவும் பிள்ளைக்குத் தெரியும். இஷாவுக்குப் பின் திரை வேண்டாம்.

முதல் நாள் பிள்ளையோடு பெற்றோரும் உட்கார்ந்து ஆடுங்கள். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று விலகும் அத்தாவிடம் பிள்ளை நாளைக்குத் தன் சிக்கலைச் சொல்லாது. விளையாட்டில் யாரோ ஒருவர் புகைப்படம் கேட்டார், பணம் போய்விட்டது என்று சொல்லப் பிள்ளைக்கு ஒரு வாசல் வேண்டும். சேர்ந்து ஆடிய உம்மாவிடம் அந்தப் பேச்சு எளிதாக வரும்.

ஏற்கெனவே மூழ்கிவிட்ட பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாதல், கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். இவை மாதக்கணக்கில் நீடித்தால் அடித்தும் ஏசியும் சரி செய்ய முயலாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை தேடுவது நபிவழியில் உள்ளதே.

உடல்நலமும் ஓய்வு நேரமும் பலர் ஏமாந்துபோகும் இரண்டு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நம் பிள்ளைகளின் ஓய்வு நேரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் மகிழ்ச்சியும் இருக்கட்டும், எல்லையும் இருக்கட்டும். அல்லாஹ் நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களைத் தொழுகையில் நிலைத்தவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.