வின்செஸ்டர் 1903: தனித் தோட்டா எதற்காக?

நியூ ஹேவனில் தாமஸ் கிராஸ்லி ஜான்சன் வடிவமைத்த வின்செஸ்டர் 1903தான் அமெரிக்கச் சந்தையில் காலூன்றிய முதல் ரிம்ஃபயர் அரைத் தானியங்கித் துப்பாக்கி. 1887 முதலே .22 லாங் ரைஃபிள் தோட்டா கிடைத்துவந்தபோதும், இதற்கென்று ‘.22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக்’ என்ற தடித்த தோட்டாவை நிறுவனம் தனியே செய்தது. ஏன்? கருமருந்துத் தோட்டாவை யாரும் போட்டுவிடக் கூடாது, கரி படிந்தால் இயக்கம் நின்றுவிடும் என்பதே கையேடுகள் வழிவழியாகச் சொல்லிவரும் விடை.

இவ்விடை பொய்யல்ல, ஆனால் போதாது. கருமருந்தைத் தடுப்பது மட்டுமே நோக்கமென்றால், 1914இல் மாடல் 16ஐக் கொண்டுவந்த ரெமிங்டன் வின்செஸ்டரின் தோட்டாவையே ஏற்றிருக்கலாம். அதுவோ அதனோடு பொருந்தாத வேறொரு ‘ஆட்டோமேட்டிக்’ தோட்டாவை உருவாக்கிக்கொண்டது. போட்டி நிறுவனத்தின் பெயரைத் தன் குழலில் பொறிக்க மனம் வராததும் காரணமாகலாம் என்பதால், இச்சான்றின் மீது அதிகப் பாரம் ஏற்ற நான் விரும்பவில்லை. சாவேஜின் 1912 மாடலும், பெல்ஜியத்தின் எர்ஸ்தாலில் 1914இல் உற்பத்தி தொடங்கிய பிரௌனிங் துப்பாக்கியும் லாங் ரைஃபிளிலேயே இயங்கின. அதற்குள் புகையில்லா மருந்து பரவிவிட்டது என்று கையேட்டுக்காரர்கள் மறுக்கலாம்; அந்த மறுப்பில் நியாயம் உண்டு.

தோட்டாவையே பார்ப்போம். லாங் ரைஃபிளின் குண்டில் மசகு வெளியே தெரியும்; தூசு ஒட்டும். ஆட்டோமேட்டிக்கில் மசகு பூசிய பகுதி பித்தளைக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். துப்பாக்கிக் கட்டைக்குள் நீளும் குழாயில் பத்துத் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் அமைப்புக்கு இது பெரிய வசதி. கருமருந்தை மட்டும் சொல்லும் விளக்கம் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, 1933இல் வந்த வாரிசான மாடல் 63இன் குழல் எழுத்து. ‘.22 லாங் ரைஃபிள்’ என்பதோடு அது நிற்கவில்லை. ‘சூப்பர் ஸ்பீட்’, ‘சூப்பர் எக்ஸ்’ என்ற இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்கிறது. முன்னது வின்செஸ்டரின் அதிவேகத் தோட்டா, பின்னது வெஸ்டர்ன் நிறுவனத்தினுடையது. கருமருந்துக் கவலை தீர்ந்துபோன காலத்திலும் ‘எந்த லாங் ரைஃபிளானாலும் சரி’ என்று வின்செஸ்டர் சொல்லவில்லை. இவ்வகைத் துப்பாக்கியில் போல்ட்டைப் பூட்டும் அமைப்பு கிடையாது. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் அறையை அடைத்து நிற்கின்றன. விசை குறைந்தால் வெற்றுக்கூடு வெளியேறாது, மிகுந்தால் உறுப்புகள் அடிபடும். ஆகவே நிறுவனம் முதலிலிருந்தே தேடியது மாறாத விசையைத்தான் என்பது என் வாதம். 1931 இறுதியில் வின்செஸ்டர் வெஸ்டர்னின் கைக்குப் போயிருந்ததால், அந்த எழுத்தில் விற்பனை நோக்கமும் கலந்திருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தெடுக்க அந்த எழுத்து மட்டும் போதாது.

காலக்கணிப்புக்கு ஓர் எச்சரிக்கை. 1903இன் குழலில் காணப்படும் ‘ஆகஸ்ட் 27, 1901’ ஜான்சனின் காப்புரிமை நாள். அதைத் துப்பாக்கி பிறந்த ஆண்டாகக் கொள்வது பிழை. 1932 வரை உற்பத்தி தொடர்ந்த ஒரு மாடலில் அந்த நாள் முதல் எல்லையை மட்டுமே காட்டும். கைக்கு வந்த துப்பாக்கி எந்த ஆண்டினது என்று அறிய வரிசை எண்ணைத்தான் நாட வேண்டும்.