விதியின் முடிச்சும் மருத்துவரின் நூலும்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். ஆடு வாங்க வருவோர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். விலாவிலே கை வைத்து மூச்சைப் பார்ப்பர். இளைப்பு இருந்தால் விலையே பேசமாட்டார்கள். ஆட்டின் மூச்சை அவ்வளவு கூர்ந்து பார்க்கும் ஊரிலே, ஒரு சிறுவனின் மூச்சைப் பார்க்க நாம் தவறினோம்.

நம் வகுப்பு மாணவன் அவன். நாலடி ஓடுவான், உடனே குந்தி உட்கார்ந்துவிடுவான். உதட்டிலும் நகக்கண்ணிலும் நீலம் படர்ந்திருக்கும். "சோம்பேறி" என்று கடிந்தோம். வீட்டிலே மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். "முற்பிறப்பின் வினை" என்றாள் பாட்டி. அவள் பள்ளிக்கூடம் காணாதவள். நாமோ பட்டம் பெற்றவர்கள். ஆயினும் வேறுபாடு என்ன? அவள் விதி என்றாள், நாம் சோம்பல் என்றோம். பாராமலேயே தீர்ப்பு வழங்கியதில் இருவரும் ஒன்றே!

அவன் குந்தியது சோம்பலால் அன்று. இருதயத்தின் உட்சுவரிலே ஓட்டை. நுரையீரலுக்குக் குருதி செல்லும் வழியிலே நெருக்கம். குந்தும்போது கால்களின் குருதிக்குழாய்கள் அழுந்துகின்றன. அதனால் நுரையீரலுக்குச் சற்று அதிகமாகக் குருதி திரும்புகிறது. அந்தச் சிறுவனின் உடல் தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியம் அது. அதைத்தான் நாம் ஏசினோம்.

இத்தகைய குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் மருந்தே இல்லை. உடலுறுப்புகளுள் இருதயம் தீண்டப்படாததாகவே இருந்தது. 1938ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் இளம் மருத்துவர் அந்தத் தீண்டாமையை உடைத்தார். கருவிலே திறந்திருந்து, பிறந்தபின் தானே மூடவேண்டிய குழாயொன்று ஏழு வயதுச் சிறுமிக்கு மூடவில்லை. கிராஸ் அதை நூலால் கட்டினார். சிறுமி பிழைத்தாள். விதி போட்ட முடிச்சு என்றார்களே, அதை மருத்துவன் போட்ட முடிச்சு வென்றது!

அடுத்த அடி 1944 நவம்பரில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். நீலம் பூத்த குழந்தைக்கு, கைக்குச் செல்லும் குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயோடு இணைத்தார் ஆல்பிரட் பிளாலக். அந்த வழியை எண்ணிச் சொன்னவர் ஹெலன் டாசிக். பெண் என்பதால் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி அவருக்குப் பட்டம் தர மறுத்தது. காது கேளாமை வாட்டியபோது விரல்நுனியால் இருதயத் துடிப்பை அறிந்தவர் அவர். நாய்களின்மேல் நெடுநாள் சோதித்து அந்த அறுவையை உருவாக்கியவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர், கல்லூரிக்கெனச் சேர்த்த பணத்தைப் பொருளாதார மந்தத்தில் பறிகொடுத்தவர். அறுவை நடந்தபோது பிளாலக்கின் பின்னால் நின்று வழி சொன்னவர் இந்தப் பட்டமில்லாதவரே! அவருக்கு அந்த நிறுவனம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது 1976ல்தான். பிறப்பைக் காட்டிக் கதவடைத்தால் இழப்பு யாருக்கு? அடைபட்டவனுக்கு மட்டுமா? அவன் காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகளுக்கும் அன்றோ!

1954ல் மினியாபோலிசில் வால்ட்டன் லில்லிஹை, பெற்றோரின் குருதியோட்டத்தோடு குழந்தையின் குருதியோட்டத்தை இணைத்துக்கொண்டு, இருதயத்தைத் திறந்து ஓட்டையைத் தைத்தார். அம்முறையில் 45 பேருக்கு அறுவை செய்தார். 28 பேர் பிழைத்து வீடு சென்றனர். மாண்ட 17 பேரையும் அவர் மறைக்கவில்லை, கணக்கிலே எழுதினார். எண்ணிப் பார்ப்பவனே திருத்திக்கொள்வான். இருதய நுரையீரல் இயந்திரம் செம்மைப்பட்டதும் பெற்றோரைப் படுக்கவைக்க வேண்டிய தேவை ஒழிந்தது.

அந்த அறிவு நம் நாட்டையும் எட்டியது. 1949ல் ரீவ் பெட்ஸ் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவின் தொடக்ககாலத் திறந்த இருதய அறுவைகளுள் ஒன்று 1961ல் அங்கேதான் நடந்தது.

மிக அரிய குறைகளும் பின்னர் வசப்பட்டன. இரு பெருங்குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கு, அவற்றை உரிய இடத்துக்கே மாற்றித் தைக்கும் அறுவையை 1975ல் பிரேசிலின் ஜட்டேன் வெற்றியாகச் செய்தார். தேர்ந்த மருத்துவமனைகளில் இன்று அக்குழந்தைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்போலப் பிழைக்கின்றனர். ஆனால் ஒரு நிபந்தனை: பெரும்பாலும் பிறந்த சில வாரங்களுக்குள் அறுவை நடக்கவேண்டும், தாமதித்தால் இருதயத்தின் இடது அறை வலுவிழக்கும். கயிறு கட்டிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும் நாள்!

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது பேருக்கு இருதயக் குறை இருக்கும். தாயின் ராசியா காரணம்? கருவுற்றவளைத் தாக்கும் ரூபெல்லா அம்மையும் காரணங்களுள் ஒன்று. அதைத் தடுக்கும் ஊசி 2017ல் தமிழகத்தில் பேரியக்கமாகப் போடப்பட்டபோது, வதந்தியை நம்பி விரட்டியவர்கள் உண்டு. ஊழ் என்று அழுவர்; ஊசி என்றால் ஓடுவர்!

பணம் இல்லை என்பதும் முற்றுப்புள்ளி அன்று. ஏழைகளின் உயிர்காக்கும் சிகிச்சைக்காகக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009ல் வந்தது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் 2012ல் வந்தது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நாடு தழுவிய திட்டம் 2013ல் தொடங்கியது.

நம் ஊர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே, ஓசூர் தாண்டி, கருநாடகத்துப் பொம்மசந்திராவில் நாராயண ஹிருதயாலயா இருக்கிறது. 2003ல் லாகூரிலிருந்து பேருந்தில் எல்லை கடந்து வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அங்கே இருதய அறுவை நடந்தது. லாகூருக்கு எட்டிய கதவு, அதே சாலையோரத்துக் குழந்தைக்கு எட்டாமற் போனால், தூரம் சாலையிலா இருக்கிறது? நம் மூளையிலே இருக்கிறது.

நம் மாணவனின் குறையை நாம் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் நெஞ்சிலே குழல் வைத்துக் கேட்டுக் கண்டனர். அறுவை முடிந்து திரும்பிய அவன் இப்போது நீலமின்றிச் சிரிக்கிறான். அவனிடம் கேட்கவேண்டிய மன்னிப்பையே இங்கே எழுத்தாக்கினோம்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலே ஓடமுடியாமல் குந்தும் குழந்தை உண்டா? பால் குடிக்கையில் வியர்த்து இளைக்கும் சிசு உண்டா? ஜாதகத்தை மூடுங்கள். உதட்டைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சந்தையிலே ஆட்டுக்குச் செய்வதை நம் பிள்ளைக்குச் செய்யக்கூடாதா?