விழா மறவா நகரம்

ஒரு நகரின் செழுமையை மதிலாலும் மாடத்தாலும் மட்டும் அளப்பது பழந்தமிழர் வழக்கன்று; அந்நகர் எடுக்கும் விழாவாலும் அளந்தனர். மதுரைக்காஞ்சி மதுரையின் அங்காடியைக் காட்டும்போதே அங்கு அசையும் விழாக்கொடிகளையும் காட்டுகிறது. மணிமேகலையின் முதற்காதையோ விழாவறை காதை என்றே பெயர் பெற்றது. இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை, யானைமேல் முரசேற்றி ஊர் அறியச் சொல்லும் காட்சியுடன் அக்காப்பியம் தொடங்குகிறது. பின்னொரு நாள், மகனை இழந்த துயரில் மன்னன் அவ்விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது.

விழாவை மறந்த நகர் அழியும் என்னும் இக்கருத்தைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் விழாவை நகரம் காக்கிறதா, நகரத்தை விழா காக்கிறதா என்ற வினா இன்றும் உயிருள்ளதேயாம். கோயில் விழாவை விடுத்து, நம் காலத்து விளையாட்டு விழாவை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இரு கல்விக்கூடங்கள் ஆண்டுதோறும் ஒரு திடலில் மோதுவதும், அந்நாளை நகர மக்கள் தம் திருநாளாகக் கொள்வதும் உலகெங்கும் காணும் மரபு. ஆக்சுபோர்டும் கேம்பிரிட்சும் 1829இல் தொடங்கிய படகுப் போட்டியையும், அமெரிக்காவில் ஆர்வர்டும் யேலும் 1875இல் தொடங்கிய கால்பந்துப் போட்டியையும் சான்றாகக் காட்டலாம். நமக்கு நெருங்கிய இரு நகரங்கள் இதற்கு இன்னும் தெளிவான விளக்கம் தருகின்றன. ஒன்று நாம் வாழும் ஐதராபாத். மற்றொன்று ஈழத்து யாழ்ப்பாணம்.

ஐதராபாத்தின் வெற்றிகள்

செகந்திராபாத்தில் 1806இல் அமைந்த படைக்குடியிருப்பின் வழியே ஆங்கிலேயர் ஆட்டங்கள் இந்நகருக்கு வந்தன. சென்னைப் படைப்பிரிவுகளுடன் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சிறுவர்களும் அப்படைத்திடல்களின் ஓரத்தில் நின்று பந்தாட்டம் கற்றனர். இந்தியாவின் மிகச் சிறந்த பந்துக்காவலருள் ஒருவராகப் போற்றப்பட்ட பீட்டர் தங்கராசு, செகந்திராபாத்தின் சிறு கழகங்களிலேயே ஆடத் தொடங்கினார். 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் அங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்த துளசிதாசு பலராம், செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் பிறந்தவர்.

இவ்வாட்டத்துக்கு இந்நகரில் உருவும் உயிரும் தந்தவர் சையத் அப்துல் ரகீம் என்னும் பெருமகனார். அவர் உஸ்மானியாவில் பயின்றவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர்ச் சிட்டி போலீசு அணியின் பயிற்சியை ஏற்றார். ஒருவரே பந்தை நெடுந்தொலைவு உருட்டிச் செல்வதை விலக்கி, உடனுக்குடன் தோழனுக்குத் தள்ளும் ஆட்டத்தை வளர்த்தார். அதற்கெனவே இளைஞருக்குத் தனிப் போட்டிகளையும் நடத்தினார். அதன் பயனை நாடு கண்டது. 1950 முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்சு கோப்பையை ஐந்தாண்டு இடைவிடாது வென்றது அவ்வணி. 1950இல் தில்லியில் மோகன் பகானை வீழ்த்தி தூரந்து கோப்பையைக் கொண்டது. இந்திய அணி 1951இல் புதுதில்லியிலும் 1962இல் சகார்த்தாவிலும் ஆசியப் பொற்பதக்கம் வென்றபோதும், 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோதும் பயிற்றுநர் ரகீமே. மெல்போர்னில் ஆடியவருள் பலர் ஐதராபாத்துக்காரர்.

வெற்றி இருந்தும் விழா இன்மை

இத்துணை வெற்றிகளைப் பெற்ற நகரில், அவ்வெற்றிகளை நினைவூட்டும் ஒரு திருநாள் இன்று உண்டா? இல்லை. அதற்குரிய காரணங்களை நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, அப்பெருவெற்றிகளுட் பல வெளியூர்த் திடல்களில் நிகழ்ந்தன. கோப்பை நகருக்கு வந்தது, ஆட்டம் வரவில்லை. இரண்டாவது, அவை ஒரு துறையின் அணியையும் ஒரு தனிமனிதரின் ஆற்றலையும் சார்ந்து நின்றன. 1963ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். அதற்கு முன்னரே பலராம் போன்றோரைக் கல்கத்தாக் கழகங்கள் ஈர்த்துக்கொண்டன. 1965இல் ஆந்திரப் பிரதேசம் சந்தோசு கோப்பையை வென்றது உண்மையே. ஆயினும் பழைய வேகம் தளர்ந்தது. மூன்றாவது, மக்களின் ஆர்வம் கிரிக்கெட்டின்பால் திரும்பியது. கோல்கொண்டா வெற்றியின் நினைவாகப் பெயர் பெற்றதென்று கூறப்படும் பதே மைதானத்தில் 1955இலேயே டெஸ்டு ஆட்டம் நிகழ்ந்தது. அத்திடல் 1967இல் லால் பகதூர் பெயரைத் தாங்கிற்று. 

நம் காலத்திலும் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. 2019இல் ஐதராபாத்தின் பெயரில் ஒரு கழகம் தோன்றி, 2022 மார்ச்சு 20ஆம் நாள் கோவாவில் கேரள அணியை வென்று இந்தியச் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. தொற்றுநோய்க் காலமாதலின் அவ்வாண்டின் ஆட்டங்கள் யாவும் கோவாவிலேயே நடைபெற்றன. நகரத்தார் திரையில் கண்டு மகிழ்ந்தனர். மூன்றாண்டு கழிந்தது, 2025இல் அக்கழகம் தில்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் பூண்டது. விலைக்கு வாங்கத்தக்க ஒன்றை வேற்றூருக்குக் கொண்டுசெல்லவும் இயலும் என்பதை இந்நகரம் இரண்டாம் முறை கண்டது.

யாழ்ப்பாணத்துப் பெரும்போர்

இனி யாழ்ப்பாணத்தை நோக்குவோம். அங்கு ஆசியப் பதக்கம் இல்லை; ஒலிம்பிக் புகழும் இல்லை. இரு கல்லூரிகளும் ஒரு தேதியும் மட்டுமே உண்டு. 1816இல் வெசுலிய மிசனால் தோன்றிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும், 1823இல் ஆங்கிலிக்கன் மிசனால் தோன்றிய பரியோவான் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதி வருகின்றன. ஈழத்தமிழர் அதனைத் துடுப்பாட்டம் என்பர். கால்பந்தை உதைபந்தாட்டம் என்பர். மார்ச்சுத் திங்களில் மூன்று நாள் நிகழும் இவ்வாட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வடக்கின் பெரும்போர்’. பின்னாளில் உண்மைப் போரைக் கண்ட மண்ணில் இப்பெயர் எத்துணைக் கசப்பான முரணாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

தொடக்கத்தில் இது மிசன் ஆசிரியர் கற்பித்த ஒழுக்கப் பயிற்சியே. மெல்ல மெல்ல அது ஊரின் விழாவாயிற்று. கல்லூரிக் கொடி ஏந்திய மாணவர் ஊர்திகளில் ஏறி வீதியுலா வருவதும், பப்பரே வாத்தியம் முழங்க ஆடிப் பாடுவதும், தந்தையும் மைந்தனும் ஒரே கொடியின்கீழ் அமர்வதும் இலங்கைத் தீவின் பெருங்கல்லூரி ஆட்டங்களுக்கெல்லாம் பொதுவான வழக்கம். யாழ்ப்பாணத்தில் அவ்வழக்கத்துக்குத் தனிப்பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. ஆட்டம் நிகழும் மத்திய கல்லூரித் திடலுக்கு அருகிலேயே பொதுநூலகமும் கோட்டையும் உள்ளன. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அந்நூலகம் எரியூட்டப்பட்டது. 1990இல் கோட்டை முற்றுகையில் அச்சுற்றுப்புறம் சிதைந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைத் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஊரே இல்லாதபோது ஊர்விழா எவ்வாறு நிகழும்? ஆட்டம் நின்ற ஆண்டுகளும் உண்டு. எனினும் நின்றது நின்றதாகவே போய்விடவில்லை. மக்கள் திரும்பியபோது ஆட்டமும் திரும்பியது.

கொண்டாட்டம் மாறிய வகை

2002இல் போர்நிறுத்தம் வந்தது; ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. கடல் கடந்து வாழ்ந்த பழைய மாணவர் பலர் பல்லாண்டுக்குப் பின் ஊர் மண்ணை மிதித்தனர். 2006இல் நூறாவது ஆட்டம் நிகழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நெடுஞ்சாலை மீண்டும் அடைபட்டது. நூறாண்டுப் பெருமைக்கும் மீண்டெழுந்த போருக்கும் இடையே சில திங்களே இருந்தன.

2009இல் போர் முடிந்தது. 1990 முதல் நின்றிருந்த யாழ்ப்பாணத் தொடர்வண்டி 2014 அக்டோபரில் மீண்டும் ஊருக்குள் நுழைந்தது. இன்றைய கொண்டாட்டத்தில் வணிகரின் விளம்பரத் துணிகள் மிகுதி. ஒலிபெருக்கியின் ஓசையும் மிகுதி. தொராண்டோவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர் கைப்பேசித் திரையில் ஆட்டம் காண்கின்றனர். பழைய எளிமை போயிற்றே என வருந்தும் முதியோர் உளர். அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. ஆனால் விழாவின் தோற்றம் மாறியதேயன்றி அதன் உரிமை கைமாறவில்லை என்பதையும் கருதுதல் வேண்டும். 1904இல் ஆடிய அதே இரு கல்லூரிகளே இன்றும் ஆடுகின்றன.

விழாவைக் காப்பது எது?

இவ்விரு நகரங்களையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகின்றது. வெற்றி ஒரு தலைமுறையின் உடைமை. விழா பல தலைமுறைகளின் உடைமை. வென்றவர் மறைந்தால் வெற்றியின் ஒலி அடங்கும். தோற்றவரும் அடுத்த ஆண்டு மீண்டும் வருவர் என்னும் உறுதி உள்ள இடத்தில் விழா நிலைக்கும். கல்லூரி அவ்வுறுதியைத் தருகிறது. ஏனெனில் ஆண்டுதோறும் அங்குப் புதிய மாணவர் வருகின்றனர், பழைய மாணவர் என்னும் பெயரோ ஒருவரை வாழ்நாள் முழுதும் விட்டகல்வதில்லை.

இரு நகரங்களையும் இணைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. மத்திய கல்லூரிக்காகப் பெரும்போரில் பந்து வீசிய விசயகாந்த் வியாசுகாந்த் என்னும் இளைஞர், 2024இல் ஐ.பி.எல். ஆட்டங்களில் ஐதராபாத்துச் சன்ரைசர்சு அணியின் உடை அணிந்தார். ஓர் ஊர்விழா வளர்த்த பிள்ளையை நம் நகரம் வரவேற்றது. அவரை அனுப்பிய ஊருக்கு ஒரு பெருநாள் இருக்கின்றது. ரகீமையும் தங்கராசையும் பலராமையும் தந்த நமக்கு அத்தகைய நாள் இல்லை.

அதனை உண்டாக்குதல் அரியதன்று. 1887இல் தோன்றிய நிஜாம் கல்லூரியும் 1918இல் தோன்றிய உஸ்மானியாவும் இன்றும் இந்நகரில் விளங்குகின்றன. ஆண்டுக்கொரு முறை, ஒரு குறித்த நாளில், ரகீமின் பெயரால் இரு கல்லூரி மாணவர் கால்பந்து ஆடட்டும். முதலாண்டு காண்போர் சிலராகவே இருப்பர். அதனால் தளர வேண்டுவதில்லை. 1904இல் யாழ்ப்பாணத்தில் ஆடியோரும் தாம் ஒரு நூற்றாண்டைத் தொடங்குகிறோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள். புகார் நகர் அழிந்ததற்குக் காப்பியம் கூறும் காரணம் விழா மறதி. அம்மறதி நம்மைச் சேராதிருக்க, முரசறைவார் ஒருவர் இந்நகரில் எழுதல் வேண்டும்.